விடை எழுதாத கேள்விகள்

பிளஸ் டூ முடித்த தோழிகள் எல்லாரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் வீட்டில் இருந்தபடி இரண்டாவது முறையாக நீட் தேர்வுக்குப் படிக்கிறாள்.

விடியற்காலை 4.30-க்கு அலாரம். முதலில் உயிரியல். மொத்தம் 720 மதிப்பெண்ணில் 360 அதற்குத்தான். பயமுறுத்தும் இயற்பியல், டீ குடித்த பிறகு.

சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 போய்விடும். எழுதாமல் விட்டால் நஷ்டமில்லை. போன தடவை தெரியாததையும் குத்துமதிப்பாக நிரப்பினாள். இப்போது எதை விடுவது என்றும் பழகுகிறாள். “இந்தத் தடவையாவது கிடைச்சிடுமா?” என்று கேட்கும் சொந்தக்காரர்களிடமும் அப்படியே. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். கூலி வேலைக்குப் போகும் அப்பா தைரியமாக “இன்னொரு வருஷம் படிம்மா” என்று சொன்னது அதை நம்பித்தான்.

ஆயாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. முள் குத்தியதுகூடத் தெரியாமல் காலில் புண். மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவந்த அன்று, நரம்பு பாதித்தால் வலி ஏன் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னாள். “இனிமே வெறுங்காலோட நடக்காத ஆயா.”

வீட்டில் யார் சொல்லியும் கேட்காத ஆயா, இப்போது வாசல் தெளிக்கவும் செருப்போடுதான் போகிறார்.