குறைந்த செலவில் பாவா ஆதம் மலை



மலையேற்றம் என்றதும் நம் பிள்ளைகளின் மனம் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக்குத்தான் ஓடுகிறது. பனி மூடிய சிகரங்களைப் படத்தில் பார்த்துவிட்டு, "வாப்பா, அங்கே போக எவ்வளவு செலவாகும்?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங் 4,800 மீற்றருக்கும் மேற்பட்டது. 1786-ஆம் ஆண்டில் முதன்முதலாக மனிதர் அதன் உச்சியை அடைந்தனர். 1808-இல் அங்கே ஏறிய முதற் பெண்மணி மாரி பரடி ஓர் எளிய பணிப்பெண். ஆகவே மலை என்பது செல்வந்தருக்கு மட்டும் உரியதன்று. என்றாலும் தோப்பூரிலிருந்து அங்கே போக விசா, விமானச் சீட்டு, பனிக் காலணி, கயிறு, வழிகாட்டி என்று கணக்குப் போட்டால், ஒரு போகத்து நெல்லை முழுவதும் விற்றாலும் கட்டுப்படியாகாது.

அதற்காக ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உலகமே தேடி வந்த மலை ஒன்று நம் தீவிலேயே இருக்கிறது. அதுதான் நம் முன்னோர் பாவா ஆதம் மலை என்று அழைத்த சிகரம். உயரம் 2,243 மீற்றர். அதாவது 7,359 அடி. பௌத்தர்கள் அதை ஸ்ரீ பாத என்பர். இந்துக்கள் சிவனொளிபாத மலை என்பர். உச்சியிலுள்ள பாறைத் தடத்தை ஒவ்வொரு சமயத்தாரும் ஒவ்வொருவருடைய பாதமாகக் கொள்கின்றனர்.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறங்கிய இடம் எதுவென்று திருக்குர்ஆன் கூறவில்லை. ஸரந்தீபில் இறங்கினார்கள் என்பது பழைய வரலாற்று நூல்களிலும் தப்ஸீர்களிலும் காணப்படும் செய்தியே. எனவே இப்பயணத்தை ஒரு வணக்கமாக எண்ண வேண்டாம். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு சிந்திக்கும் பயணமாக எண்ணுங்கள்.

1344-ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா புத்தளத்தில் வந்திறங்கினார். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் பொன்னோ முத்தோ கேட்கவில்லை. இம்மலைக்குப் போக உதவி மட்டுமே கேட்டார். மன்னர் ஒரு பல்லக்கையும், வழிதெரிந்த நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தம் தோழர் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து ஆட்களையும் அனுப்பி வைத்தாராம். மலையில் பிடித்து ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் இருந்ததையும் அவர் எழுதியுள்ளார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் தாமாகவே கலிமாவை மொழிந்துவிடுவாராம்!

அவர் கூறும் இன்னொரு செய்தி உங்களுக்குச் சுவையாக இருக்கும். அக்காலத்தில் மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன. கடினமானது பாபா பாதை; இலகுவானது மாமா பாதை. பாபா என்றால் ஆதம், மாமா என்றால் ஹவ்வா. மாமா பாதையால் ஏறியவரை, மலைக்குப் போனவராகவே மக்கள் கணக்கில் எடுப்பதில்லையாம். பெண்ணின் பாதைக்கு அன்று கிடைத்த மதிப்பு அவ்வளவுதான்!

இன்று மட்டும் என்ன? குடும்பம் சுற்றுலா போகிறது என்றால், ஆண்களும் பிள்ளைகளும் புறப்படுவார்கள். சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத் தாய் வீட்டைப் பார்த்துக் கொள்வாள். நம் ஊர்ப் பெண்கள் நடக்க முடியாதவர்களா? 2006 ஆகஸ்டில் மூதூரிலும் தோப்பூரிலும் போர் மூண்டபோது, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து கந்தளாய் நோக்கிப் போன கால்கள் அல்லவா அவை? அதன் பிறகு அந்தக் கால்கள் ஊரைத் தாண்டியதெல்லாம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் மையத்து வீட்டுக்கும்தான். மனம் ஆறுவதற்கென்று ஒரு பயணம் அவர்களுக்கும் வேண்டும். குறைந்த செலவில் அது முடியும். எப்படி என்று பார்ப்போம்.

எப்போது போவது?

டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை மலைப் பருவம். இக்காலத்தில்தான் படிகளில் இரவு முழுவதும் மின்விளக்கு எரியும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் இருட்டும். இப்போதைய ஆண்டுகளில் ரமழான் இப்பருவத்தின் நடுவிலேயே வருகிறது. பெரும்போக அறுவடை முடிந்து, பெருநாளும் கழிந்து, கையில் நாலு காசு இருக்கும் நாட்களே நமக்குத் தோதானவை. போயா தினங்களையும் சனி, ஞாயிறுகளையும் தவிருங்கள். அந்நாட்களில் படிகளில் மணிக்கணக்காக நிற்க நேரிடும். அறை வாடகையும் கூடும்.

எவ்வழியில் போவது?

தோப்பூரிலிருந்து சேருநுவர வழியாகக் கந்தளாய். அங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. பின்னர் நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன். கடைசியாக மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணி. இதுவே மலையின் அடிவாரம். இரத்தினபுரிப் பக்கமிருந்தும் பாதை உண்டு. ஆனால் அது நீளமானது, களைப்பூட்டுவது. குடும்பத்தோடு போவோருக்கு நல்லதண்ணிப் பாதையே ஏற்றது. ஸுப்ஹு தொழுது சாதாரண பஸ்ஸில் புறப்பட்டால் பகற்பொழுது முழுவதும் வழியில் போய்விடும். பஸ் மாறி மாறிப் போக வேண்டும். வேன் பேசுவதானால் இருக்கைகள் அத்தனையும் நிறைந்தால் மட்டுமே லாபம். இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து கொள்ளுங்கள். 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் ரயில் பாதையையும் கடுமையாகச் சேதப்படுத்தியது. ஆகவே பாதை நிலைமையை விசாரித்தறிந்த பின்னரே நாளைக் குறியுங்கள்.

செலவு எங்கே குறையும்?

முதலாவது, தங்குமிடம். நள்ளிரவு தாண்டியதும் ஏறத் தொடங்கப் போகிறோம். படுக்கை அரை இரவுக்குத்தான். பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை போதும். இரண்டாவது, உணவு. மலைக்கு மேலே பொருட்களை மனிதர்தான் சுமந்து போகிறார்கள். ஆகவே உயர உயர விலையும் ஏறும். ரொட்டி, மாசி போட்ட சீனிச் சம்பல், அவித்த முட்டை, பேரீச்சம்பழம், தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஹலால் உணவைத் தேடி அலையும் கவலையும் இராது. மூன்றாவது, உடுப்பு. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டில் பெட்டிக்குள் கிடக்கும் ஸ்வெட்டர்களை இரவல் கேளுங்கள். உச்சியில் குளிர் எலும்பைத் தொடும். படியில் தடுக்காதபடி அபாயாவின் விளிம்பைச் சற்று உயர்த்தித் தைத்துக் கொள்ளுங்கள். கான்வஸ் சப்பாத்தும் டோர்ச்சும் அவசியம். மீதிப் பணத்துக்கு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து சிறிய சீட்டு ஒன்று பிடித்தால் யாரிடமும் கடன் கேட்க வேண்டியிராது.

உடலைப் பழக்குங்கள்

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். வயலும் கடலும் சூழ்ந்த நம் ஊரில் மேடே இல்லை. ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே தினமும் அஸருக்குப் பிறகு வாய்க்கால் கட்டில் வேகமாக நடந்து பழகுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புறப்படக் கூடாது. நிதானமாக ஏறுவோருக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கலாம். உச்சியை அடைய முடியாதவர்கள் பாதி வழியில் அமர்ந்து மலைக்காற்றை அனுபவித்தாலும் போதும். இது ஓட்டப் பந்தயம் அல்லவே!

தொழுகையும் ஒழுக்கமும்

கணவரோ மஹ்ரமான உறவினரோ உடன் வர வேண்டும். இப்பயண தூரத்தில் நான்கு ரகஅத்துக்களை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ நமது ஷாபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஹட்டன் நகரில் பள்ளிவாசல் இருக்கிறது. ஸுப்ஹுக்கு ஏறும் வழியிலேயே நேரம் வந்துவிடும். வுழூவோடு ஏறி, மக்கள் நடக்கும் படிகளை விட்டு ஓரமாக விரிப்பை விரித்துத் தொழுது கொள்ளுங்கள்.

அது பிற சமயத்தாருக்கும் புனிதமான இடம். எதிரே வருவோர் "கருணாவை" என்று வாழ்த்தினால் புன்னகையோடு பதில் கூறுங்கள். அவர்கள் வணங்கும் இடத்தில் நெருக்கியடித்து நிற்காதீர்கள். பொலித்தீன் பைகளைக் காட்டில் வீசாதீர்கள். இம்மலைக்காடு 2010-இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.

பொழுது விடியும்போது கிழக்கே சூரியன் எழும். அதே வேளை மேற்கே பள்ளத்தாக்கின் மீது மலையின் நிழல் ஒரு முக்கோணமாக விழும். அதைக் காணும் நாவு தானாகவே "சுப்ஹானல்லாஹ்" என்று கூறும்.

சகோதரிகளே! இந்தப் பயணமும் அதே கந்தளாய்ப் பாதையில்தான் தொடங்குகிறது. ஆனால் இம்முறை எந்த நாளில் வீடு திரும்புவோம் என்பதை நீங்களே குறித்து வைத்துக்கொண்டு புறப்படுவீர்கள். இன்றிரவே ஒரு தாளை எடுத்துப் போகிறவர்களின் பட்டியலை எழுதுங்கள். முதற் பெயராக அந்த வீட்டுத் தாயின் பெயர் இருக்கட்டும். மற்றவற்றை அல்லாஹ் இலேசாக்கி வைப்பான், இன்ஷா அல்லாஹ்.