அவனுக்காக ஆறு பேர்

அடங்காத பையன் ஒருவன் வகுப்பில் இருந்தால் வழக்கமாக என்ன நடக்கும் என்று எந்த ஆசிரியருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. க்ளாஸ் லீடர் கரும்பலகை ஓரத்தில் அவன் பெயரை எழுதுவான். பேசப் பேசப் பக்கத்தில் பெருக்கல் குறி கூடும். பிறகு வாசலில் நிறுத்துவது, அப்பாவைக் கூட்டிவரச் சொல்வது, கடைசியில் டி.சி. மிரட்டல். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பிரம்பைக் கீழே வைத்த கையில் வேறு எதை எடுப்பது? நான் எடுத்துக்கொண்டது ஆதரவுக் குழு.

இங்கிலாந்தில் பார்பரா மெயின்ஸ், ஜார்ஜ் ராபின்சன் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. சக மாணவர்களின் தொல்லைக்கு ஆளாகும் பிள்ளைக்காகச் சிலரை உட்காரவைப்பார்கள். தொல்லை தந்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் அதில் இருப்பார்கள். யாரையும் குற்றம் சொல்லாமல், அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்பார்கள். ஹல் நகரில் சூ யங் இதை இன்னும் எளிதாக்கினார். நடந்ததைக் கிளறுவதைக் குறைத்து, இனி எது நடக்க வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டார். தொல்லைப்படும் பிள்ளைக்குக் கைகொடுக்கும் முறை, தொல்லை கொடுக்கிறான் என்று பெயரெடுத்த பிள்ளைக்கும் கைகொடுக்கும் என்பது என் அனுபவம்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். கணக்குப் பீரியடில் பெஞ்சு பெஞ்சாக நடப்பான். சத்துணவு வரிசையில் தினமும் சண்டை. முதலில் அவனிடம் தனியாகப் பேசினேன். "ஏண்டா இப்படிப் பண்றே?" என்று கேட்கவே கூடாது. அதற்குப் பிள்ளைகளிடம் உள்ள ஒரே பதில், தலையைக் குனிந்துகொள்வது. "எந்தப் பீரியட் பரவாயில்லாம போகுது?" என்று கேட்டேன். பி.டி. என்றான். கொஞ்சம் பொறுத்து, "அறிவியலும் பரவாயில்ல டீச்சர், சாமானெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுவாங்க" என்றான். யார் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும், யாரோடு ஒத்துப்போகவில்லை என்றும் கேட்டுக்கொண்டேன். "உனக்கு உதவச் சொல்லி இவங்கள்ல சில பேரைக் கேக்கட்டுமா?" அவன் சம்மதித்த பிறகுதான் அடுத்த வேலை.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. அவன் விரும்பிய இருவர், அவனோடு மல்லுக்கு நிற்கும் இருவர், வகுப்பு மதிக்கும் இருவர். முதல் ரேங்க் பிள்ளைகளாகவே பொறுக்கினால் அது குழுவாக இருக்காது, மேற்பார்வை ஆகிவிடும். இன்னொன்றும் பார்ப்பேன், வெளியே சொல்லமாட்டேன். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றிப் பேசியிருக்கிறது. ஒரே நிறக் கயிறு கட்டிய ஆறு பேரை ஒன்றாக உட்காரவைத்தால் நானே ஒரு கோஷ்டியை உண்டாக்கியதாகிவிடும்.

குழுவிடம் பேசும் முதல் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வேன். "எனக்கு உங்க உதவி வேணும். அவனுக்கு நம்ம வகுப்புல நாள் முழுக்க இருக்கறது கஷ்டமா இருக்கு. அதைக் கொஞ்சம் சுலபமாக்க நாம என்ன செய்யலாம்?" அவன் செய்த தவறு ஒன்றுகூட என் வாயிலிருந்து வராது. பிள்ளைகள் வாயிலிருந்து வரும். "போன வாரம் என்னை அடிச்சான் டீச்சர்" என்றான் ஒருவன். "உனக்கு வலிச்சிருக்கும் தம்பி. அடுத்த வாரம் எப்படி இருந்தா உனக்கும் நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். யோசித்தான். "லைன்ல எனக்கு முன்னாடி நிக்கட்டும், நான் தள்ளமாட்டேன்" என்றான்.

பிறகு ஒரு பெண் சொன்னாள்: "அவன்கிட்ட காம்பஸ் இல்ல டீச்சர். அதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு பெஞ்சா போறான். நான் தர்றேன்." அரசு கொடுத்த ஜாமெட்ரி பாக்ஸை அவன் எப்போதோ தொலைத்திருக்கிறான். ஆசிரியர்கள் நாங்கள் பார்த்தது ஒரு பையன் நடப்பதை; அவள் பார்த்தது அவன் எதற்காக நடக்கிறான் என்பதை. இதற்காகவே பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.

சொன்னதையெல்லாம் அவரவர் பேச்சிலேயே எழுதிக்கொண்டேன். சத்தியம் வாங்கவில்லை. அவனைக் கவனித்து வந்து சொல்லுங்கள் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஒரு க்ளாஸ் லீடருக்குப் பதில் ஆறு லீடர்கள் ஆகியிருப்பார்கள். ஒரு வாரம் கழித்துக் கூடியபோது கேட்டது இதுதான்: "நீ என்ன செஞ்சே?" "அவன் எப்படி இருந்தான்?" என்பது என் கேள்வி அல்ல. அவனிடம் தனியாக, இந்த வாரத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவாய் என்றேன். நாலு. "மூணு போடாம நாலு போட்டிருக்கியே, எதனால?" "சோத்து லைன்ல யாரும் தள்ளல டீச்சர்." வரிசையில் அவன்தான் சண்டை இழுக்கிறான் என்று அதுவரை பள்ளி முழுக்க நம்பியிருந்தது.

அவன் ஒரே வாரத்தில் சாதுவாகிவிடவில்லை. சண்டை குறைந்தது, கணக்கு நோட்டில் படங்கள் வந்தன. எனக்கு அது பெரிது.

குற்றம் சொல்லாத முறை என்றால் தப்பு செய்தவனைத் தப்பவிடுவதுதானே என்று இங்கிலாந்திலேயே கடுமையாகக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிறர் நோட்டைக் கிழித்தால் அவன்தான் வாங்கித்தர வேண்டும். அதைக் குழுவில் பேசாமல் தனியாகத் தீர்த்துவிடுவேன். ரத்தக்காயம், ஆயுதம், சாதி சொல்லித் திட்டுவது, பாலியல் சீண்டல் ஆகியவற்றுக்கு இந்த முறையைத் தொடவே கூடாது. அவை தலைமையாசிரியருக்கும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் போக வேண்டியவை.

உடன் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் குழுவை நடத்தவும் முடியாது. "குரூப் வேற போட்டாச்சு, இன்னும் அடங்கலையா?" என்று வகுப்பு நடுவே யாராவது ஒருவர் சொன்னால் போதும், ஆறு பேரின் வேலையும் வீண். அதனால் அந்த வகுப்புக்குப் போகும் எல்லோரிடமும் முதலிலேயே ஸ்டாஃப் ரூமில் பேசிவிடுவேன். கணக்கு சாரிடம் மட்டும், நடுவில் ஒரு காம்பஸ் பெஞ்சு மாறினால் கண்டுகொள்ளாதீர்கள் என்று கூடுதலாகக் கேட்டேன். "கொடுக்கட்டும் டீச்சர், ஆனா பாடம் நடக்கும்போது பேச்சு கூடாது" என்றார். சரிதான் என்று, பீரியட் தொடங்கும் முன்பே கொடுத்துவிடும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.