தொதல் இறக்கும் வரை



2025 நவம்பர் 28ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, டித்வா புயல் நமது கிழக்குக் கரையில் ஏறியது. அது யெமன் நாடு கொடுத்த பெயர். சொகோத்ரா தீவிலுள்ள ஒரு களப்பை அங்கே அப்படி அழைக்கிறார்கள். வத்தளையில் எங்களுக்குக் காற்றால் பெரிய சேதமில்லை. மலைநாட்டில் கொட்டிய மழை முழுவதும் களனி கங்கையில் இறங்கி வர, சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கீழ்த்தட்டு தண்ணீருக்குள் போய்விட்டது. மேல்மாடியின் மூன்று அறைகளில் நான்கு குடும்பங்கள் இருந்தோம். சமையல் ஒரே அடுப்பில்.

அந்த நான்கில் ஒன்று முழுக் குடும்பமல்ல. திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஒன்றுக்கு வந்த ஒரு பெண் மட்டும்தான். கணவர் புதன்கிழமை காலையில், தம் வாப்பாவின் பழைய உறவினர்களைப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்புவதாகச் சொல்லிக் கம்பளைக்குப் போயிருந்தார். அதன் பிறகு மண்சரிவு, பாதைத் தடை, தொலைபேசி மௌனம். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்களிடம் விமானச் சீட்டு இருந்தது. கட்டுநாயக்கவிலோ விமானங்கள் இரத்தாகி, ஊருக்குப் போக வந்த இந்தியப் பயணிகள் நாட்கணக்கில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சீட்டு ஞாபகத்திலேயே இல்லை. கைபேசியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி அவரைத் 'தாத்தா, தாத்தா' என்றே அழைத்தாள். நம் பக்கத்தில் மூத்த சகோதரியை அப்படித்தானே சொல்வோம்! அவருடைய ஊரில் அந்தச் சொல்லுக்குப் பாட்டன் என்று பொருள். முதல் நாள் அதற்கு ஒரு தடவை சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

சனி இரவு, எங்களோடு தங்கியிருந்த வயதான மாமி ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மௌலவி, கம்பளைப் பக்கம் ஊரே புதைந்திட்டெண்டு சொல்றாங்க. அந்தப் புள்ளைக்கு இத்தாவைப் பற்றி இப்பவே மெல்லச் சொல்லி வைக்கிறது நல்லமில்லையா?" என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. நானும், மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவனின் பழக்கத்தால், ஸப்ரைப் பற்றி ஏதோ ஆரம்பித்துவிட்டேன். மனைவி குறுக்கிட்டாள்: "நீங்க போய்த் தண்ணி எந்தப் படியில நிக்குதெண்டு பாருங்க."

படியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உம்மம்மாவின் ஞாபகம் வந்தது.

என் அப்பா கீழக்கரைக்காரர். (உம்மாவின் வாப்பாவைத்தான் நாங்கள் அப்பா என்போம்.) புறக்கோட்டையில் அவருக்குச் சிறிய கடை இருந்தது. உம்மம்மா கொழும்பில் பிறந்தவர். 1964 டிசம்பரில், நோன்புக்கு இரண்டு வாரம் இருக்க, அப்பா தம் தாயைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. செவ்வாய் 22ஆம் திகதி புறப்படுவதாகக் கடிதம் வந்திருந்தது. அக்காலத்தில் வழக்கமான வழி இதுதான்: பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கோட்டைக்கு இரவு மெயில். 1914 முதல் அப்படித்தான் நடந்து வந்தது. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை வரலாம்.

அந்தச் செவ்வாய் இரவுதான் புயல் இராமேஸ்வரம் தீவை அடித்தது. பாம்பனிலிருந்து போன 653ஆம் இலக்க வண்டி நள்ளிரவை நெருங்கும் வேளையில் தனுஷ்கோடியை எட்டப்போகும் இடத்தில் அலை விழுந்து, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கண்கள் இழுத்துச் செல்லப்பட்டன. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் நின்றது. தனுஷ்கோடியோ ஊராக மறுபடி எழும்பவேயில்லை. வாழத் தகாத இடமென்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. (பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளர் 46 நாட்களில் சீர்செய்தார். பிற்காலத்தில் டில்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவரே. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடத் தொடங்கி, 80களின் யுத்தத்தோடு அதுவும் நின்றது.)

செய்தி கொழும்புக்கு வந்ததும் வீடு நிறைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, தனுஷ்கோடி ரயில், கடிதம் கையில். கணக்கு எல்லோருக்கும் சரியாகவே இருந்தது. மூன்றாம் நாள் உறவுப் பெண்கள் வெள்ளைச் சேலையோடு வந்தார்கள். உம்மம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, கையில் மூன்று பிள்ளைகள், அதில் ஒன்று என் உம்மா. அவர் சேலையை வாங்கவில்லை, வளையலைக் கழற்றவில்லை. "மய்யித்தைக் கண்டது யார்?" என்று மட்டும் கேட்டாராம். 'திமிர்' என்றார்கள். 'பைத்தியம் பிடித்துவிட்டது' என்றும் சொன்னார்கள்.

மஹல்லாவின் ஆலிம் ஒருவர்தான் கதவுக்கு வெளியே நின்று, "அந்தப் பெண் கேட்பது சட்டம்" என்றாராம். நான் அரபுக் கல்லூரியில் 'மஃப்கூத்' என்ற பாடத்தைப் படித்தபோதே அதன் பொருளை விளங்கினேன். மஃப்கூத் என்றால் காணாமற்போனவர். அவருடைய மனைவி நான்கு ஆண்டு காத்திருந்து, பிறகு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டுமென்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. இமாம் மாலிக் அதையே எடுத்தார். நம் இமாம் ஷாஃபிஈயின் பழைய சொல்லும் அதுவே. எகிப்துக்குப் போன பின் அவர் சொன்ன புதிய சொல், மரணம் உறுதியாகும் வரை அவள் அவனுடைய மனைவியே என்பது. ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பாரமான சொல் என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. ஆண்டுகள் போனால் காழியிடம் போக வழியுண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு உடல் கிடைக்காதவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க நம் பாராளுமன்றம் 2005இல் தனிச் சட்டமே செய்தது. ஆனால் மூன்று நாளில் எவரும் எவரையும் விதவையாக்க முடியாது.

பதினொன்றாம் நாள் தந்தி வந்தது. அப்பா கீழக்கரையில் இருந்தார்! செவ்வாய்க்கிழமை அவருடைய தாய், மருமகளுக்கென்று தொதல் கிண்டிக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பால் வற்றித் தொதல் திரண்டு வர மணிக்கணக்காகும். விறகு ஈரம், அடுப்பு சரியாக எரியவில்லை. "இதை இறக்காமல் உன்னை அனுப்பமாட்டேன்" என்று தாய் பிடிவாதம் பிடித்ததால் அப்பா கோபத்தோடு ஒரு நாள் தங்கியிருக்கிறார். பிறகு ரயிலும் இல்லை, கப்பலும் இல்லை. நோன்பின் நடுவில் திருச்சிக்குப் போய், கடன் வாங்கி விமானத்தில் வந்து சேர்ந்தார். அந்தத் தொதல் கல்லாகியிருந்ததாம். உம்மம்மா அதை உடைத்து, நோன்பு திறந்ததும் வாயில் போட்டுக்கொண்டுதான் முதல் தடவையாக அழுதார்.

அன்றிரவு மாடிக்கு ஏறி, இந்தக் கதையை அந்தப் பெண்ணுக்குச் சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன். நான் சொன்னால் அது பயானாகிவிடும். அறைக்கு வெளியே நின்று கேட்டேன். மஃப்கூத்தை எல்லாம் மனைவி சொல்லவேயில்லை. தொதலைப் பற்றித்தான் நெடுநேரம் கதைத்தார்கள், கருப்பட்டியா சீனியா என்றுகூட. மாமியும் அதில் கலந்துகொண்டார்.

புயலில் மாண்டவர்கள் அறுநூறுக்கு மேல். காணாமற்போனவர்களுக்காக இன்னும் எத்தனையோ ஜன்னல்களில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திங்கட்கிழமை அஸருக்குப் பின் பதில் வந்தது. தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு. கம்பளையில் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்ததாம். எல்லோரும் பள்ளிவாசலில் இருந்தார்களாம். தொலைபேசி எடுபடும் இடம் தேடி அவர் நெடுந்தூரம் நடந்திருக்கிறார்.

அந்தப் பெண் பேசி முடித்துவிட்டு மனைவியிடம் கைபேசியைக் கொடுத்தார். பிறகு, "தாத்தா, தண்ணி வடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.