பெயர் பொருந்தினால் போதாது

தென்னாப்பிரிக்காவிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பூட்டன் பெயர் முனுசாமி, ஊர் ஆற்காடு, அவர் வழியில் வந்தவர்கள் யாராவது இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்து வட ஆற்காட்டில் முனுசாமி என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஆற்காடு என்று அவர்கள் குறிப்பிடுவதும் பாலாற்றங்கரை ஊரை அல்ல, வட ஆற்காடு, தென் ஆற்காடு என்ற இரண்டு பெரிய ஜில்லாக்களில் ஏதோ ஒன்றை. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதைவிட எளிது, தவறான குடும்பத்தைக் கண்டுபிடிப்பது. அதைத் தவிர்ப்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, புலப்படம் என்று பழகிய கண். ஓய்வுக்குப் பிறகு, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பூர்வீகத்தைத் தேடும் வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. என்னோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் டர்பனில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினாலும் என்னை 'அண்ணா' என்றுதான் விளிப்பார். இன்னொருவர் சென்னையில் இருக்கும் இளைஞர். மரபணுச் சோதனை முடிவுகளைப் படிப்பதில் கெட்டிக்காரர்.

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அங்கே அதைக் 'கலோனியல் நம்பர்' என்பார்கள். கூலிக்காரரின் திருமணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்று, இறந்தபின் திறக்கப்பட்ட சொத்துக் கோப்பு எல்லாவற்றிலும் அந்த எண் தொடர்ந்து வரும். எழுதி விசாரிப்பவர்களிடம் ஆசிரியை முதலில் கேட்பது பெயரை அல்ல, இந்த எண்ணைத்தான். எண் தெரியாவிட்டால், வீட்டுப் பெட்டியில் உள்ள மிகப் பழைய சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்வார். பெயர் எத்தனை விதமாகத் திரிந்திருந்தாலும் எண் ஒருவரைத்தான் காட்டும்.

எண் கிடைத்தால் கப்பல் பட்டியல் திறக்கும். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பார்த்தவுடன் எல்லாம் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு மதிப்பு. வயது உத்தேசம். இருபது, இருபத்தைந்து, முப்பது என்று முழு எண்ணாகவே வந்தால் குமாஸ்தா முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். சாதிக் கட்டம் அதைவிட வழுக்கும். கப்பலேற்றும் முன் ஆட்களைத் தங்கவைத்துப் பதிவு செய்த டிப்போவில் சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்பது உண்டு. ஆள் பிடிப்பவர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவர்களும், ஊரைத் தாண்டியதும் பழைய அடையாளத்தை உதறியவர்களும் உண்டு. ஆரம்பக் கால நேட்டால் பட்டியல்களில் அந்தக் கட்டத்தில் 'மலபார்' என்று இருந்தால் கேரளத்துக்கு ஓட வேண்டியதில்லை. அப்போதைய வழக்கில் அது தமிழரைக் குறித்தது. தெலுங்கருக்கு 'ஜென்டூ'. உடம்பிலுள்ள தழும்பையும் மச்சத்தையும் யாரும் லட்சியம் செய்வதில்லை. எனக்கோ அதில்தான் நம்பிக்கை அதிகம். பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி ஒப்பந்தத்தில் போனவரை இடது முழங்காலுக்குக் கீழே உள்ள வெட்டுத் தழும்புதான் காட்டிக்கொடுக்கும்.

பெயர்களின் கதை தனி. அங்கே போய் கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார், நாயுடு 'நைடூ' ஆனார். இது எல்லோருக்கும் தெரியும். தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது வேறொன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அந்த ஆட்சிக்கோ குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும். அதனால் ஒரு தகப்பனின் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் சாதிப் பட்டத்தையும், மற்றவர் தகப்பன் பெயரையும் குடும்பப் பெயராகப் பதிந்துகொண்டார்கள். மூன்று தலைமுறை கழித்து அவர்கள் பேரப்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அந்நியர். இதற்கு மருந்தும் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அங்கேயும் வெகுநாள் நீடித்தது. நேட்டாலில் பிறந்த மூத்த மகனின் பெயரும் கப்பல் பட்டியலில் உள்ள தகப்பன் பெயரும் ஒன்றாக இருந்தால், நாம் சரியான ஆளிடம் வந்திருக்கிறோம் என்று கொஞ்சம் தைரியம் வரும். அதற்கு மேல் அதை வைத்து எதையும் கட்டக் கூடாது.

அடுத்து ஊர். இங்கேதான் என் பழைய உத்தியோகம் கைகொடுக்கிறது. 1890இல் 'வட ஆற்காடு' என்று எழுதப்பட்ட கிராமம் இன்று எங்கே இருக்கும்? அன்றைக்கு அந்த ஜில்லாவுக்குத் தலைமையிடமே சித்தூர். 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. 1953இல் அது ஆந்திரத்தோடு போனது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பி வந்தது. 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆகவே ஒரே ஒரு ஜில்லாப் பெயருக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, திருவள்ளூர் மாவட்டங்களோடு ஆந்திரத்துக்குள்ளும் தேட வேண்டியிருக்கும். தாலுகாப் பெயர் தெளிவாக இருந்தால் பிழைத்தோம். கிராமப் பெயரோ வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி. 'புதூர்' என்று படிக்க முடிந்தால், அந்தத் தாலுகாவின் எல்லாப் புதூர்களையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதிக்கொள்வேன். மேல், கீழ், பெரிய, சின்ன என்ற முன்னொட்டுகளை டிப்போ குமாஸ்தா விழுங்கியிருப்பார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிலப் பதிவேட்டில் கப்பலேறியவரின் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. நிலம் இருந்தவர் ஏன் போகிறார்? 1876–78 தாது வருஷப் பஞ்சம் போன்ற காலங்களில் சிறு பட்டாதாரர்களும் கிளம்பினார்கள் என்றாலும், பெரும்பாலோர் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். ஆனால் அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ அரை ஏக்கர் புஞ்சை இருந்திருக்கலாம். தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு 1892க்குப் பிறகு ஒப்படைத்த பஞ்சமி நிலக் கணக்கு சில ஊர்களில் உதவும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. அந்த விதத்தில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எந்த நாட்டுக்குப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும். மொரீஷியஸ் போனவர் என்றால் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துப் பதிவேடுகளில் சிலருக்குப் புகைப்படம்கூட உண்டு. ஃபிஜி போனவரின் அனுமதிச் சீட்டில் நெருங்கிய உறவினர் பெயருக்கென்றே ஒரு வரி இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி அழைத்துப் போனவரைத் தேடுவது பெரும்பாடு. இப்படிக் கிராமம், தகப்பன் பெயர் எல்லாம் அடங்கிய கப்பல் பட்டியல் அங்கே இல்லை.

நாங்கள் மூவரும் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒரு தொடர்பைக் கண்டுபிடித்தவர் அதைத் தீர்மானிக்கக் கூடாது. கண்டுபிடித்தவருக்கு அது நிஜமாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். மற்ற இருவரின் வேலை அதை உடைத்துப் பார்ப்பது. இதே தகப்பன் பெயரோடு, இதே தாலுகாவிலிருந்து வேறொருவர் போயிருக்கிறாரா? இதே ஊரில் இதே பெயரில் இன்னொரு குடும்பம் உண்டா? ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகளாவது பொருந்தினால்தான் அடுத்த அடி.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். டர்பனுக்கு வடக்கே இரண்டு குடும்பங்கள். ஒன்றின் குடும்பப் பெயர் பெருமாள், மற்றது படையாச்சி. 1890களில் ஒரே கப்பலில் வந்த அண்ணன் தம்பி வழி என்பது இரு வீட்டிலும் சொல்லி வந்த கதை. அதனால் பங்காளி முறை. பெண் கொடுத்து எடுத்ததில்லை. இரு பக்கத்துக் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும் வேடிக்கையாக மரபணுச் சோதனை செய்துகொண்டார்கள். துளி பொருத்தமும் இல்லை. அதோடு வந்தது வினை. ஏதோ ஒரு பாட்டியின் நடத்தையைப் பற்றிக் காதோடு காதாகப் பேச்சு கிளம்பிவிட்டது.

சென்னை இளைஞர் அதை அங்கேயே நிறுத்தினார். சகோதரர்களின் கொள்ளுப்பேரர்கள் அளவுக்கு விலகிய உறவில் ஏறக்குறைய பத்தில் ஒரு ஜோடிக்குப் பொருத்தம் தென்படாமலே போகலாம். எனவே இந்த முடிவு எதையும் நிரூபிக்கவில்லை. ஒரு தலைமுறை மேலே போய்ச் சோதிக்கச் சொன்னார். ஒரு பக்கத்துப் பேரனும் மறுபக்கத்துப் பேத்தியும் உயிரோடு இருந்தார்கள். அந்த நெருக்கத்தில் உறவு இருந்தால் தெரியாமல் போகாது. அவர்களுக்கும் பொருத்தம் இல்லை.

அதற்குள் ஆசிரியை கப்பல் பட்டியலை எடுத்துவிட்டார். இருவரும் ஒரே கப்பல்தான், எண்களும் அடுத்தடுத்தே வந்தன. ஆனால் தகப்பன் பெயர் வேறு, சாதி வேறு, ஒருவருக்குத் தாலுகா குடியாத்தம், மற்றவருக்குத் திண்டிவனம். குமாஸ்தா தப்பாக எழுதியிருக்கலாம் என்று நான் எதிர்வாதம் வைத்தேன். வைப்பதுதான் என் வேலை. ஆனால் படையாச்சிப் பட்டம் தென் ஆற்காட்டுத் திண்டிவனம் பக்கத்தோடு இயல்பாகப் பொருந்துகிறது. ஒருவரின் திருமணப் பதிவில் மற்றவர் சாட்சி, இருவருக்கும் ஒரே தோட்டம். பட்டியலும் பட்டமும் மரபணுவும் ஒரே பக்கம் சாய்ந்தன. கூடப்பிறந்தவர்கள் இல்லை, கப்பலில் சகோதரர் ஆனவர்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள் உடன்பிறந்தார் முறை கொண்டாடுவதும், அவர்கள் பிள்ளைகளுக்குள் மணம் கூடாது என்று வைத்துக்கொள்வதும் ஒப்பந்தக் கூலிகள் போன பல நாடுகளில் இருந்த வழக்கம். பாட்டியின் மேல் விழுந்த பழி போயிற்று. உறவும் போய்விட்டதா என்று இளைய தலைமுறை கேட்டபோது, சோதனைக்கு எச்சில் கொடுத்த அந்தப் பேத்தி, முறை மாறாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

மரபணுவை இதற்கு எதிர்த்திசையிலும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். நம்மவர்களிடம் அத்தை மகள், மாமன் மகள் திருமணமும், அக்காள் மகளைக் கட்டுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்தவை. ஒரே மூதாதையர் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருவதால், தூரத்து உறவு சோதனைத் தாளில் நெருங்கிய உறவுபோல் வீங்கித் தெரியும். பொருந்தும் மொத்த அளவைப் பார்த்து மகிழ்வதைவிட, அறுபடாமல் வரும் மிக நீண்ட துண்டைப் பார்ப்பது நல்லது என்பார் இளைஞர்.

கடைசிக் கட்டம் கிராமம். "முனுசாமி என்று ஒருவர் கப்பலேறினாரா?" என்று கேட்டால் மரியாதைக்காவது ஆமாம் என்பார்கள். தூரத்திலிருந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப நம் ஊர்க்காரர்களுக்கு மனசு வராது. அதனால் நான் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் பங்காளிகளில் ஊரை விட்டுப் போய்த் திரும்பாதவர் உண்டா, குலதெய்வம் எது, கூழ் ஊற்றுவது எந்த மாதம், படையலில் எதை விலக்குவீர்கள் என்று கேட்டுக்கொண்டே போவேன். நேட்டால் குடும்பத்தில் காரணம் தெரியாமலே காப்பாற்றி வந்த படையல் முறையை ஆசிரியை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருப்பார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

ஊரில் இன்னொரு சங்கடம், பங்கு. வெளிநாட்டிலிருந்து உறவு தேடி வருகிறார்கள் என்றால், நிலத்தில் பாத்தியதை கேட்க வருகிறார்களோ என்ற பயம் நியாயமானது. சாதி இன்னொன்று. பட்டியலில் உள்ள சாதியும் குடும்பம் இன்று சொல்லிக்கொள்ளும் சாதியும் வேறாக இருக்கும்போது, கேட்டவருக்கு முழு உண்மையையும் சொல்கிறோம். ஊருக்கு எதைச் சொல்வது என்பதை அவர் முடிவுக்கே விடுகிறோம். இரு தரப்பும் தனித்தனியே சம்மதிக்கும்வரை ஒருவர் விலாசத்தை மற்றவருக்குத் தருவதில்லை.

முடிவைக் கடிதமாக எழுதுகிறோம். உறுதியானது, நடந்திருக்கக்கூடியது, குடும்பக் கதை மட்டும் என மூன்று பகுதிகள். மூன்றாவது பகுதி நீளமாக இருக்கும் கடிதங்களே அதிகம். அதைப் படிக்கிறவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் எந்தச் சான்று எந்தக் கட்டத்திலிருந்து வந்தது, எந்தப் புதூரை எதனால் விலக்கினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு ஒரு பழைய சான்றிதழோ, எங்களைவிடக் கூர்மையான ஒருவரோ வந்தால் எங்கள் முடிவைத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். சம்பந்தமில்லாத ஒரு குடும்பத்தை உறவென்று கட்டிவைத்துவிட்டால், அது அடுத்த தலைமுறையில் பிள்ளைகளுக்குப் பெயராகவும் சமாதிக் கல்லில் எழுத்தாகவும் ஏறிவிடும். பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது.