கம்பம் இல்லாத பாதை

லவ்டேலைத் தாண்டி, ஊட்டி வருவதற்குச் சற்று முன்னால் வருகிற ஊர் பெர்ன்ஹில். போன மே மாதம் மலை ரயிலில் அந்தப் பக்கம் போகும்போது, ஜன்னலோரம் இருந்த பேரன் கேட்டான்:

"தாத்தா, இங்க ஏன் கரன்ட் கம்பமே இல்ல?"

நாங்கள் தாம்பரவாசிகள். 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்ட பாதை எங்களுடையது. கம்பம் இல்லாத தண்டவாளத்தை அவன் பார்த்ததே இல்லை!

"இது நீராவியிலயும் டீசல்லயும் ஓடுற பாதைடா" என்றேன். மின்சார ரயில் பாதை நேராக இருந்தால் சுமார் 70 மீட்டருக்கு ஒரு கம்பம் போதும். வளைவு என்றால் நெருக்கி நெருக்கி நட வேண்டும். இந்த மலைப் பாதையில் 208 வளைவுகள், 16 குகைகள். நட்டால் மரமா தெரியும்? கம்பம்தான் தெரியும். வேடிக்கை என்னவென்றால், 1932-லிருந்தே பைக்காராவில் மின்சாரம் எடுத்து சமவெளிக்கு அனுப்புகிற மலை இது.

பையன் யோசித்தான். "அப்போ ரயில் மேல ஏறினா ஒண்ணும் ஆகாதுல்ல?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். நின்றுகொண்டிருந்த சரக்கு வேகன் மேல் செல்ஃபி எடுக்க ஏறினான். கம்பியைத் தொடவே இல்லை. வீட்டில் வருவது 230 வோல்ட். அந்தக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். தொட வேண்டியதே இல்லை, அருகே போனாலே தாவிப் பிடித்துக்கொள்ளும். 2 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது அதற்குத்தான். வண்டி நின்றிருந்தாலும் கம்பியில் கரன்ட் நிற்காது. இது தெரியாமல் போனான் அந்தப் பிள்ளை. அவன் அம்மா இன்றைக்கும் ரயில் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்.

"விழுந்தாலும் உயிர் போகும்டா. எந்த ரயில் மேலயும் ஏறக்கூடாது" என்று சொல்லி, இந்தக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். குழந்தையிடம் சொல்லலாமா என்று மருமகள் முறைத்தாள். நீங்களே சொல்லுங்கள், வேறு எப்போது சொல்வது?

திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் இறங்கி, சென்னை வண்டிக்காக நின்றோம். அங்கே கம்பமும் உண்டு, கம்பியும் உண்டு. பேரன் கையில் ஊட்டியில் வாங்கிய ஜிகினா பலூன், நீளமான கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணாந்து பார்த்தான். யாரும் சொல்லவில்லை. கயிற்றைச் சுற்றிச் சுற்றி, பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

மருமகள் என்னைப் பார்த்தாள். இந்த முறை முறைக்கவில்லை.