24 குழி

பங்குனி 16

மாமா வரச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் சோடா போடும் இடத்துக்குக் கம்பெனி என்றுதான் பெயர். திருச்செங்கோட்டில், அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் காலத்துத் தகரக் கொட்டகைதான் மாமாவின் கம்பெனி. ஒரு தண்ணீர்த் தொட்டி, கையால் சுற்றும் சோடா மெஷின், இரண்டு கேஸ் சிலிண்டர். மூலையில் பழைய மரப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. அடிப்பலகை உளுத்து, ஆணி துருவேறி, பாதிக்குமேல் கைப்பிடி இல்லை.

"வைகாசித் தேருக்கு 10 பெட்டி வேணும் மாப்ளெ. மரத்துலயே வேணும்" என்றார். போன வருஷம் வாங்கிய பிளாஸ்டிக் டிரே, மூடி போட்ட கலர் பாட்டிலுக்கு அளவெடுத்துச் செய்தது. கோலி பாட்டில் அதில் ஆடுகிறது. கண்ணாடியோடு கண்ணாடி மோதி, தேருக்கு முந்தைய நாளே மூன்று பாட்டில் போயிற்று.

நான் மரவேலை பழகி நான்கு வருஷம் ஆகிறது. அலமாரி செய்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்திருக்கிறேன். பாட்டில் பெட்டி செய்ததில்லை. சரி என்றேன்.

திண்ணையில் இருந்த அமுச்சி, மாமாவின் அம்மா, உடைந்த பெட்டி ஒன்றை மடிக்கு அருகே இழுத்து, குழிகளுக்குள் விரல் விட்டுப் பார்த்தாள். "உங்க அப்புச்சி நோட்டுப் போட்டதே இல்ல கண்ணு. பெட்டி திரும்பி வந்தா குழியப் பாப்பாரு. எத்தன குழி வெறுமையா இருக்குதோ அத்தன பாட்டில் அந்தக் கடைல நிக்குது. அவ்வளவுதான் கணக்கு."

பெட்டிக்குள் இருக்கும் 24 குழியும் வெறும் தடுப்புகள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு கணக்குப் புத்தகம் என்று இன்றுதான் தெரிந்தது.

பங்குனி 19

இரவு முழுக்கப் பாட்டிலைப் பற்றியே படித்தேன். சோடா பிறந்தது பீர் தொட்டியின் மேல். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை. பீர் நொதிக்கும் தொட்டிகளின் மேல் படிந்து நிற்கும் காற்றில் அவர் ஒரு பாத்திரம் தண்ணீரைத் தொங்கவிட்டார். அந்தக் காற்று, அதாவது கரியமில வாயு, தண்ணீரில் ஏறிச் சுருக்கென்று ருசித்தது. அதிலிருந்து ஒரு நூற்றாண்டு கழித்து, 1872இல், ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கோலியால் அடைக்கும் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து கேஸ் ஏற்றினால் கோலி கழுத்துக்கு இறங்கும். நிமிர்த்தினாலும் உள்ளே இருக்கும் கேஸே அதை ரப்பர் வாஷரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மாமாவின் மெஷின் சுற்றுவது இதற்காகத்தான். பிறந்த நாட்டில் அந்தப் பாட்டில் புழக்கத்தில் இல்லை. ஜப்பானில் ராமுனே என்ற பெயரிலும் நம் ஊரில் கோலி சோடாவாகவும் உயிரோடு இருக்கிறது.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் இதேபோல மரப்பெட்டி செய்துகொள்கிறார்கள். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று உள்ளேயே கேஸ் உண்டாக்கும். சர்க்கரை கூடினால் பாட்டில் வெடிக்கும். வெயில் பட்டால் பீரின் வாசம் கெடும். அதனால் அவர்களுடைய பெட்டி வெடிப்பைத் தாங்க வேண்டும், வெளிச்சத்தை மறைக்க வேண்டும்.

நம் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அந்தச் சட்டத்தின் வேர் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டம்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கி, மதுவிலக்குக்காக ஊர் ஊராகப் போனவர் ராஜாஜி. சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அதனால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பிற்காலத்தில் மதுக்கடை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. 1937ஆம் வருஷச் சட்டம் மட்டும் திருத்தங்களோடு இன்றும் நிற்கிறது.

பிரீஸ்ட்லியின் தொட்டியிலிருந்து இரண்டு வழி பிரிந்தது. எங்கள் ஊருக்கு வந்தது சோடா வழி. பெட்டியின் வேலை இரண்டு வழிக்கும் ஒன்றுதான்.

பங்குனி 23

மரம் வாங்கினேன். தேக்கு இந்த வேலைக்குத் தேவையில்லை, விலையும் தாங்காது. வேம்பு கனம். மாமரப் பலகை மலிவு, ஆனால் ஈரம் பட்டுக் காய்ந்தால் சீக்கிரம் புழு விழும். அறுவை மில்லில் இருந்தவர் சில்வர் ஓக் பலகையைக் காட்டினார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நட்டு, மேலே மிளகுக் கொடி ஏற்றுவார்கள். லேசானது, இழைப்புளிக்கு இணங்கும், பார்சல் பெட்டிக்குப் பழகிய மரம்.

முகர்ந்து பார்த்தேன். பச்சை வாசம் இல்லை. இரண்டு பலகையைத் தட்டிக் கேட்டேன், ஓசை கணீரென்று வந்தது. எடுத்துக்கொண்டேன்.

பங்குனி 27

முதல் பெட்டி கெட்டுவிட்டது. தப்பு என்னுடையது.

ஒரு பாட்டிலை அளந்தேன். குறுக்களவு 5.8 செ.மீ. குழியை 6 செ.மீ. என்று வைத்து எல்லாத் தடுப்பையும் அறுத்துவிட்டேன். மாமா பாட்டில்களை அடுக்கினார். 17 பாட்டில் இறங்கியது, 7 பாட்டில் வாயிலேயே நின்றது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அச்சில் வார்த்த பாட்டில்கள் அவை. அப்புச்சி வாங்கியவை பருமன், மாமா வாங்கியவை ஒல்லி. பிறகு உட்கார்ந்து 60 பாட்டில் அளந்தேன். ஒல்லி 5.7, பருமன் 6.1.

ஒன்றை அளந்து எல்லாம் அப்படியே என்று நினைத்தேன். நான்கு வருஷப் பழக்கத்தில் இந்தத் தப்பு வந்திருக்கக் கூடாது. அறுத்த தடுப்புகளை அடுப்புக்குக் கொடுக்கவில்லை. பட்டறையில் கண்ணுக்கு நேராக மாட்டி வைத்திருக்கிறேன்.

சித்திரை 1

வருஷப் பிறப்பு. கோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானம் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் 30 வருஷம் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு ஆசாரியைப் பார்க்கப் போனேன். குலுங்கும் பாரத்தை மரத்தால் தாங்க வைப்பது எப்படி என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

பெட்டிக்கு நான் வரைந்திருந்த படத்தைப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இத்தன ஆணி எதுக்கு? நிக்கற அலமாரிக்கு ஆணி போதும். ஓடற வண்டிக்கு ஆவாது. குலுங்கக் குலுங்க ஓட்டை பெருசாயி ஆணி தானா வெளிய வந்துரும். திருகாணி போடுங்க. மூலைக்குத் தகட்டுப் பட்ட குடுங்க."

அடுத்து மூலைக் கட்டையைக் கேட்டார். பக்கப் பட்டைகளைப் பிடிக்க நான்கு மூலையிலும் உள்ளே சதுரக் கட்டை வைத்திருந்தேன். அது நான்கு மூலைக் குழியையும் தின்றுவிடுகிறது என்பதுதான் என் கவலை. அவர் ஒரு பாட்டிலைச் சதுரக் குழியில் நிற்க வைத்து, மூலையில் விரலை வைத்தார்.

"பாட்டில் வட்டம், குழி சதுரம். மூலைல எடம் சும்மாதான கெடக்குது? கட்டைய மூலவாட்டத்துல அறுத்து முக்கோணமா வெய்யுங்க."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 6.5 செ.மீ. குழியில் 6.1 செ.மீ. பாட்டில் நின்றால், மூலைக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒன்றரை செ.மீ. மிஞ்சுகிறது. 2 செ.மீ. சதுரக் கட்டையை இரண்டாக அறுத்தால் வரும் முக்கோணம் 1.4 செ.மீ.தான் நீட்டும். சரியாக உட்கார்கிறது. அவர் கணக்கே போடவில்லை, விரலால் பார்த்தார்.

சித்திரை 6

இப்போதைய அளவு இது. குழி 6.5 செ.மீ. நீளவாட்டில் 6, அகலவாட்டில் 4. தடுப்புப் பலகை 8 மி.மீ. கனம், 12 செ.மீ. உயரம். நீளத் தடுப்பு 3, குறுக்குத் தடுப்பு 5. நீளத் தடுப்பில் மேலிருந்து பாதி ஆழம் காடி, குறுக்குத் தடுப்பில் கீழிருந்து பாதி ஆழம் காடி. ஒன்றன்மேல் ஒன்றை இறக்கினால் 15 இடத்தில் கோத்துக்கொள்கிறது. பசை வேண்டாம், ஒரு தடுப்பு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

பாட்டிலின் உயரம் 22 செ.மீ. பக்கத்துக்கு 7 செ.மீ. பட்டை மூன்று, நடுவில் ஒன்றரை செ.மீ. சந்து இரண்டு, ஆக உயரம் 24. மேல்பெட்டியின் பாரம் கீழ்ப்பெட்டியின் விளிம்பில் இறங்கும், பாட்டில் தலையில் இறங்காது. அடிப்பலகைக்கும் சந்து விட்டேன். கழுவிய பாட்டிலின் தண்ணீர் வடியும்; எங்காவது ஒன்று உடைந்தால் கண்ணாடித் தூளும் தங்காது.

முட்டைக்குப் பேர்போன ஊர் நாமக்கல். 30 குழி அட்டைகள் ஏழு அடுக்கினால் 210 முட்டை, ஒரு பெட்டி. ஊரே குழியை நம்பி வியாபாரம் செய்கிறது. ஒன்றை ஒன்று தொடாமல் இருந்தால்தான் எல்லாம் முழுதாகப் போய்ச் சேரும்.

சித்திரை 15

வெயில் கொளுத்துகிறது. குளிர்ந்த தண்ணீர் கேஸை நிறையப் பிடித்துக்கொள்ளும், சூடேறினால் விட்டுவிடும். விட்ட கேஸ் பாட்டிலுக்குள் முட்டும். கீறல் விழுந்த பாட்டில் மத்தியான வெயிலில் வெடிப்பது அதனால்தான். மாமாவின் இடது முழங்கையில் அப்படி ஒரு தழும்பு உண்டு.

முடித்த பெட்டியில் 24 பாட்டில் அடுக்கி, மேலே ஈரச்சாக்கு போர்த்தி வேப்ப மர நிழலில் வைத்தோம். சந்துகளில் காற்றுப் போய் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், ஈரச்சாக்குக்குள் இருந்த பாட்டில் கைக்குச் சில்லென்று இருந்தது. பிளாஸ்டிக் டிரேயில் வெளியே இருந்தது வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு டிவிஎஸ் 50இல் கட்டி, ஏரிக்கரை மண் பாதையில் நானே ஓட்டிப் போனேன். நிறைந்த பெட்டி சுமார் 19 கிலோ. போய் வந்து திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. வேப்பெண்ணெய் பூசிக் காயவைத்தேன்.

சித்திரை 28

9ஆவது பெட்டி முடிந்தது. பக்கப் பட்டையில் எண் செதுக்கினேன்.

இன்று வயல் வழியாக வந்தபோது வரப்பெல்லாம் சாராய பாட்டில். மழைக்கு முன் உழும்போது காலைக் கிழித்துக்கொள்ளாத ஆளே எங்கள் ஊரில் இல்லை. காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற ஏற்பாட்டை அரசு 2022இல் நீலகிரியில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் சொல்லித்தான் அது நடந்தது. நல்ல காரியம். ஆனால் அதே பாடத்தைச் சோடாக்காரர்கள் எத்தனையோ தலைமுறையாகச் செய்து காட்டிக்கொண்டே இருந்தார்கள். காலி பாட்டில் வராமல் அடுத்த சோடா இல்லை. கண்ணாடி அவர்களுக்குக் குப்பையே ஆனதில்லை.

பாட்டிலைக் கொண்டுபோக ஒரு சாக்கு போதும். பெட்டி அது திரும்பி வருவதற்காக. திரும்பி வர வேண்டாத பாட்டிலுக்கு யாரும் குழி வெட்டுவதில்லை.

வைகாசி, தேர் மறுநாள்

நேற்று நிலை பெயர்ந்த அர்த்தநாரீஸ்வரர் தேரோடு ஊரே நகர்ந்தது. 10 பெட்டியும் 10 கடைக்குப் போயின. பன்னீர் சோடாவும் இஞ்சி சோடாவும் வெயில் தாழுமுன்பே தீர்ந்தன. கோலியை உள்ளே தள்ளும் அந்தச் சத்தம் தேர்வீதி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்று காலை பெட்டிகள் வந்தன. 240 குழியில் 9 வெறுமை. உடைந்து வந்தது ஒன்றும் இல்லை.

வைகாசி, தேர் கழிந்து ஆறாம் நாள்

7 பாட்டில் வந்துவிட்டது. 4ஆம் எண் பெட்டியில் மட்டும் இரண்டு குழி காலி. மெஷினில் புதிதாக நிரப்பிய பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. பெட்டி முழுதாக இருக்கட்டும் என்று இரண்டை எடுத்து அந்தக் குழிகளில் வைக்கப் போனேன்.

அமுச்சி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெக்காத கண்ணு. படிக்கட்டுக் கடைக்காரன் குழி அது. வேற பாட்டில வெச்சு ரொப்பிட்டா, வர வேண்டியது வரும்போது அதுக்கு எடம் எங்க இருக்கும்?"

பாட்டில்களைத் திரும்ப மேசையில் வைத்தேன். பெட்டியை அந்த இரண்டு குழியோடு அப்படியே வாசல் பக்கம் பார்க்க வைத்துவிட்டு வந்தேன்.