வானவன்மாதேவி ஈச்சரமும் மலையகத்து மாரியும்

ஹட்டன், நுவரெலியா மலைகளில் பிறக்கும் சிற்றாறுகள் பல, தேயிலைச் சரிவுகளிடையே இறங்கி மகாவலி கங்கையில் கலக்கின்றன. அக்கங்கை பொலனறுவைக்குக் கிழக்கே மனம்பிட்டியைக் கடந்து கடலை நோக்கிச் செல்கின்றது. ஆற்றின் தலைப்புறத்தில் தோட்டத் தொழிலாளர் எழுப்பிய மாரியம்மன் கோயில்கள். கீழ்ப்புறத்தில் சோழர் எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சரம். காலத்தால் இவற்றிடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் உள்ளன. எனினும், கோயிலுக்கு உயிர் தருவது எது என்னும் வினாவுக்கு, இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும்போதுதான் தெளிவான விடை கிடைக்கின்றது.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இராசராசன் காலத்தில் ஈழத்தின் வடபகுதி சோழர் வசமாயிற்று. 1017 இல் இராசேந்திரனின் படைகள் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தன. அநுராதபுரம் மங்கியது, பொலனறுவை சனநாதமங்கலம் என்னும் பெயருடன் சோழராட்சியின் தலைநகராயிற்று. இந்நகரிலேயே, இராசராசனின் தேவி வானவன்மாதேவியின் பெயரால் பதினோராம் நூற்றாண்டில் இச்சிவாலயம் எழுந்தது. தொல்லியலார் இதனை இரண்டாம் சிவதேவாலயம் என வழங்குவர்.

தஞ்சைப் பெருங்கோயிலோடு ஒப்பிட்டால் இது சிறிய கோயிலே. ஆயினும் அடித்தளம் முதல் சிகரம் வரை கல்லால் அமைந்து, இன்றும் உருக்குலையாது நிற்கின்றது. கருவறையில் சிவலிங்கம் உள்ளது. சுவரிலே தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றுள் அதிராசேந்திரன் காலத்தது ஒன்று, கோயில் விளக்குக்கு அளிக்கப்பட்ட கொடையைக் குறிப்பது. விளக்குக் கொடை என்பது வெறும் எண்ணெய்ச் செலவன்று. கொடுத்தவர் மறைந்த பின்னும் அவர் ஏற்றிய ஒளி இறைவன் முன் நிலைக்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள். ஆகவே அக்கொடை, எண்ணெய் அளப்போரும் திரியிடுவோரும் வழிபடுவோரும் தலைமுறை தலைமுறையாக அங்கு இருப்பர் என்ற நம்பிக்கையின் மீதே நின்றது.

அந்நம்பிக்கை என்னவாயிற்று? 1070 இல் முதலாம் விசயபாகு சோழராட்சியை முடிவுறச் செய்தான். ஆட்சி மாறியதனால் கோயில் வீழ்ந்துவிடவில்லை. அதே நகரில் பாண்டியர் கலைப்பாணியில் மற்றொரு சிவாலயம் பின்னர் எழுந்தது என்பர் ஆய்வாளர். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தலைநகர் கைவிடப்பட்டு மக்கள் அகன்றபோது, நகரைக் காடு மூடியது. கல் நின்றது, விளக்கு அணைந்தது. 1907-08 அகழ்வுகளில் வெளிப்பட்ட நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய திருமேனிகள் கொழும்பு அருங்காட்சியகம் சேர்ந்தன. பூசை கண்ட தெய்வங்கள் காட்சிப் பொருளாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே சோழ, பாண்டிய மண்ணிலிருந்து தமிழர் மீண்டும் இத்தீவுக்கு வந்தனர். இம்முறை வாளேந்தி வரவில்லை. கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தவர்களுள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். எஞ்சியோர் தோட்டத்தை அடைந்து, லயத்தருகே மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியென வணங்கினர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது தெய்வங்களும் பெருகின. கவ்வாத்து வெட்டுவோருக்குக் கவ்வாத்துச்சாமி தோன்றினார். தொழிற்சாலைச் சக்கரத்தினருகே ரோதமுனி குடிகொண்டார். வெட்டும் கத்தியும் சுழலும் இயந்திரமும் தரக்கூடிய ஆபத்தை எதிர்கொண்ட உழைப்பாளியின் அச்சமும் பக்தியும் இத்தெய்வங்களில் உருப்பெற்றன. இக்கோயில்களுக்கு அரச கொடை கிடையாது. நாட்சம்பளத்தில் பிடிக்கப்பட்ட சந்தாப் பணமே கூரையாகவும் கோபுரமாகவும் உயர்ந்தது.

ஆனால் பொலனறுவை கண்ட சோதனை மலையகத்துக்கும் வந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. பொருள்களைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்ட அவ்வொப்பந்தத்தில் கோயில்களைப் பற்றிய பேச்சில்லை. காப்புக் கட்டியோரும், கரகம் எடுத்தோரும், காமன் கூத்தில் ரதியாகவும் மன்மதனாகவும் ஆடியோரும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர். எஞ்சியோர் குறைந்த கைகளோடு அதே தீச்சட்டியை ஏந்தினர். நாடற்றோர் எனப்பட்டோருக்கு இவ்வூர் எமது என்று சொல்ல அக்கோயிலே சான்றாய் நின்றது.

மன்னர் கோயிலில் கல்வெட்டு உண்டு. வழிபடுவோர் இல்லாது போயினர். தோட்டக் கோயிலில் வழிபடுவோர் உண்டு, கல்வெட்டு இல்லை. முதற்கல்லை நட்டவர் யார், எந்தக் கொள்ளைநோயின்போது நேர்த்தி வைத்தனர், யாருடைய சந்தாவில் முதல் மணி வாங்கப்பட்டது என்பவை முதியோரின் நினைவிலேயே உள்ளன. குடமுழுக்குகளின்போது பழைய கற்கள் அகற்றப்படுகின்றன. அம்முதியோரும் ஒவ்வொருவராக மறைகின்றனர். சோழர் வரலாற்றைப் பரீட்சைக்காகக் கற்கும் மலையக மாணவர், தம் தோட்டத்துக் கோயிலின் வரலாற்றையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அதுவே இக்காலத்துக்குரிய விளக்குக் கொடையாகும்.

வானவன்மாதேவி ஈச்சரத்து இலிங்கத்தின் மீது இன்றும் சிலவேளை புதுமலர் கிடக்கக் காணலாம். வழிப்போக்கர் எவரோ வைத்துச் சென்றது அது. ஆயிரம் ஆண்டுக் கல்லை அந்தக் கணத்தில் மீண்டும் கோயிலாக்குவது அம்மலரே.